ஒலியிணைப்புக் கம்பி

விலை மிகுந்த ஒலிபெருக்கியை வாங்குதற்குப் பலநாள் ஆராய்வோர், அதனைக் கைப்பேசியோடு இணைக்கும் கம்பியை வாங்குதற்கு ஒரு நொடியும் ஆராய்வதிலர். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே போதுமென்று கொண்டு வருவர். அன்றேல் பொன்முலாம் பூசிய முனையைக் கண்டு மயங்கிப் பன்மடங்கு விலை கொடுப்பர். இவ்விரண்டும் பிழை என்பதும், கம்பியை அதன் விலைகொண்டன்றி அதன் இருமுனை கொண்டே தெரிதல் வேண்டும் என்பதும் நம் கருத்து. இச்சிறு பொருட்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என வினவுவார், மந்தாரக்குப்பத்து விழாப் பந்தலொன்றில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்ப்பாராக.

மந்தாரக்குப்பம், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்து, விருத்தாசலத்திற்கும் கடலூருக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த ஊர். 1956-இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியபின் தொழிலாளரும் வணிகரும் திரண்ட பகுதி இது. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, தொழிற்சங்கக் கூட்டம், மஞ்சள் நீராட்டு என யாதாயினும் ஒன்று அங்கு நடந்தவண்ணமிருக்கும். நடக்குமிடமெல்லாம் மைக்செட்டும் இருக்கும். முன்னர் இசைத்தட்டும் பின்னர் ஒலிநாடாவும் சுழன்ற இடத்தில் இன்று கைப்பேசியே பாட்டுப்பெட்டி. அதனை ஆம்பிளிபையரோடு சேர்க்கும் 'ஆக்ஸ் வயர்' என்னும் கம்பியிலேதான் இடர் தொடங்குகிறது.

சிறுமியர் ஆட நிற்பர், பாட்டுத் தொடங்கும், மத்தளமும் வயலினும் கிணற்றினுள் ஒலிப்பனபோல் கேட்கும், பாடுவார் குரல் மட்டும் இராது. மைக்செட்காரர் ஒலியை உயர்த்துவார். இரைச்சல் உயருமேயன்றிக் குரல் வாராது. கைப்பேசி பழுதென்பர் சிலர். பாட்டே பழுதென்பர் சிலர். முடிவில் எல்லாருமாகச் சேர்ந்து மைக்செட்காரரைக் கடிவர். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் உறங்க முயலும் தொழிலாளியோ, பயனின்றி உயர்த்திய அவ்விரைச்சலை எவர்மேலும் குற்றஞ் சாட்டாது கேட்டுக் கிடப்பான். இரவு 10 மணிக்குமேல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டு விதிகள் பகலுறக்கத்தைக் காப்பன அல்ல.

உண்மையில் அங்குப் பழுதுபட்டது யாதுமில்லை. கைப்பேசியின் 3.5 மி.மீ. துளையில் இடப்புற ஒலியும் வலப்புற ஒலியும் தனித்தனியே வருகின்றன. இரண்டிற்கும் பொதுவாக ஒரு தரைக்கம்பி உண்டு. முள்ளிற் காணும் கோடு இரண்டாயின் பகுதி மூன்று. கோடு மூன்றாயின் நான்காம் பகுதி மைக்கிற்கு உரியது. மிக்சரிலுள்ள 6.35 மி.மீ. பெருந்துளையும் பெரும்பாலும் மூன்று பகுதி உடையதே. (19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி இணைப்பகங்களில் பணியாளர் மாற்றி மாற்றிச் செருகிய முள்ளின் வழிவந்தது அது.) ஆயின் மிக்சர் அம்மூன்றையும் பிறிதொரு முறையிற் கொள்ளும். ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பியிற் பெற்று, ஒன்றினின்று மற்றொன்றைக் கழித்து, வழியிற் புகுந்த இரைச்சலைப் போக்குவது அதன் இயல்பு. ஆகவே, இருமுனையும் மூன்று பகுதியுடைய கம்பியை இடையே செருகினால், அது இடவொலியினின்று வலவொலியைக் கழித்துவிடும். பாடகர் குரல் பெரும்பாலும் இருபுறத்தும் ஒரே அளவிற் பதியப்படுவது வழக்கமாகலின், கழிக்கும்போது முதலில் மறைவது அக்குரலே. தடித்த உறை தடுப்பதால் முள் கைப்பேசியுள் முற்றும் பதியாது, தரைக்கம்பி தொடாது நிற்பினும் இவ்விளைவே நேரும். உறையைக் கழற்றிப் பார்த்தல் செலவில்லாத மருந்து.

மிக்சருக்கு வேண்டுவது, ஒருமுனையில் 3.5 மி.மீ. முள்ளும், மறுமுனையில் இரண்டாகப் பிரிந்து இருபகுதியுடைய 6.35 மி.மீ. முள் இரண்டும் உடைய கம்பி. சிவப்பும் வெள்ளையுமாகிய ஆர்.சி.ஏ. துளைகள் உள்ள ஆம்பிளிபையருக்கு அதற்கேற்ற இருகிளைக் கம்பி. எதனையும் மைக் துளையில் செருகலாகாது. மைக் தருவது சில மில்லிவோல்ட்டே; கைப்பேசி தருவது அதனினும் பன்மடங்காகலின் ஒலி கரகரத்துச் சிதையும்.

2016-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7-இல் 3.5 மி.மீ. துளையை ஒழித்தது, பிறரும் பலர் பின்பற்றினர். இதனை நாம் முன்னேற்றமென ஒப்புவதற்கில்லை. துளையற்ற கைப்பேசிக்கு வாங்கும் யு.எஸ்.பி.-சி இணைப்பிகளுள் சிலவற்றில் எண்வடிவ ஒலியை மின்னலையாக மாற்றும் சில்லு உண்டு. சிலவற்றில் வெறுங்கம்பியே உண்டு. பின்னையது எல்லாக் கைப்பேசியிலும் ஒலிப்பதில்லை. சில்லுடையதைக் கேட்டு வாங்குக.

பொன்முலாம் துருவைத் தடுக்கும். கடலூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் அதற்குப் பயனுண்டு. குரலை இனிதாக்கும் என்பதோ விற்போர் கூற்று. முள்ளும் கம்பியும் கூடுமிடம் வளைவைத் தாங்குகின்றதா என விரலால் வளைத்துப் பார்த்து, இரண்டு மூன்று மீட்டருக்கு மேற்படாத கம்பியைக் கொள்ளுதல் நன்று.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒன்று. மடிக்கணினியை மின்னேற்றியோடு இணைத்துப் பாட்டுப் போடுங்கால் 'உம்' என்னும் முரலொலி எழுவதுண்டு. 1962-இல் நெய்வேலியில் மின்னாக்கம் தொடங்கியது முதல் அவ்வூரார்க்குப் பழகிய ஒலியே அது. நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரத்தின் குரல். கணினியும் ஆம்பிளிபையரும் தனித்தனி வழியில் தரையைத் தொட, அவற்றிடை வளையமாக ஓடும் சிறு மின்னோட்டம் ஒலிக்கம்பியிற் புகுகிறது. மின்னேற்றியைக் கழற்றியதும் முரல்வு நின்றால் காரணம் இதுவென அறியலாம். சிலர் ஆம்பிளிபையரின் மூன்றாம் முள்ளை, அதாவது தரைமுள்ளை, ஒடித்துவிடுகின்றனர். முரலொலி அடங்கும், ஆயின் உள்ளே மின்கசிவு நேருமாயின் இரும்புடலும் மைக்கும் மின்னேறி, ஈரநிலத்தில் வெறுங்காலுடன் மைக்கைப் பற்றும் சிறுவனின் உடல் வழியே மின்சாரம் தரைக்கு இறங்கும். இதனைத் திறமையென்று பாராட்டுவாரை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஒலிக்கம்பியிடையே வைக்கும் சிறு தனிப்பிரிப்பு மின்மாற்றிப் பெட்டி அம்முரல்வை இடரின்றி நீக்கும்.

கம்பியே வேண்டா, புளூடூத் போதும் என்பாரும் உளர். வீட்டில் போதும். விழா மேடையிலோ கூட்டத்தின் நடுவே இணைப்பறுவதும், அயலார் கைப்பேசி இடைபுகுவதும் உண்டு. கம்பியிட்டாலும் அழைப்பு வந்து பாட்டை முறிக்கும் ஆதலின் 'விமானப் பயன்முறை'யை மறவாதிருத்தல் வேண்டும்.

கம்பி கொணர்தல் மைக்செட்காரர் கடன் என்று பள்ளிகளும் மன்றங்களும் வாளாவிருத்தல் தகாது. எந்தக் கைப்பேசி வருமென்று அவர் எங்ஙனம் அறிவார்? நம் கல்லூரி மன்றங்கள் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கு, மேற்சொன்ன இருகிளைக் கம்பி இரண்டிற்கும் சில்லுடைய இணைப்பி ஒன்றிற்கும் போதும். முனைதோறும் துணிச்சீட்டு ஒட்டி, இன்ன துளைக்கு இன்னது என எழுதி ஒரு பையில் இட்டுவைப்பின், விழாவிற்கு முந்திய நள்ளிரவில் அடுத்த ஆண்டுச் செயலர் மைக்செட்காரரைத் தூக்கத்தினின்று எழுப்ப வேண்டியிராது.