ஸ்கேன்தான் இருக்கே, பயாப்ஸி எதற்கு?

"ஸ்கேன்லயே எல்லாம் தெரிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்கு மண்டையில ஓட்டை போடணும்?" மூளையில் ஏதோ கட்டி என்று டாக்டர் சொன்ன எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழும். நம் வயதுக்காரர்களுக்கு இது இப்போது அக்கம்பக்கத்துச் செய்தியாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஆனாலும் இதற்கான பதிலில் பெரும்பகுதி நம் வேலூரிலேயே கிடைத்தது என்பதால் எழுதுகிறேன்.

ஸ்கேன் காட்டுவது நிழலைத்தான். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, சுற்றி வீக்கம் உண்டா என்று துல்லியமாகச் சொல்லும். அது என்ன கட்டி என்று எப்போதும் சொல்லாது. மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் சிற்றுரு, சீழ்க்கட்டி, புற்று எல்லாமே வளையமாகத் தெரியலாம்.

சி.டி. ஸ்கேன் நம் நாட்டில் பரவத் தொடங்கிய காலத்தில், வலிப்பு வந்தவர்கள் பலரின் மூளையில் ஒரே ஒரு சிறு புள்ளி தெரிந்தது. காசநோயாகத்தான் இருக்கும் என்று பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலான மருத்துவர்கள் சிலருக்கு அந்தப் புள்ளியை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் நாடாப்புழுதான் காரணம் என்று தெரிந்தது. 1989-ல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்கள்.

பிறகு அவர்களே சில அளவுகோல்களையும் வகுத்தார்கள். வலிப்போடு வந்தவருக்கு ஒரே கட்டி, 2 செ.மீ.க்கு உட்பட்டது, மூளையை ஒருபக்கம் தள்ளும் வீக்கம் இல்லை, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடவில்லை, மண்டைக்குள் அழுத்தம் ஏறவில்லை, உடம்பில் வேறு நோய் இல்லை என்றால் பயாப்ஸி வேண்டாம். வலிப்பு மருந்து கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம். பலருக்குப் புள்ளி தானாகவே மறைந்துவிடுகிறது.

ஆக, இன்று பலர் ஸ்கேனோடு தப்பிப்பதே அன்று சிலர் பயாப்ஸிக்குச் சம்மதித்ததால்தான்.

அந்த அளவுகோலுக்குள் அடங்காத கட்டி என்றால் கதை வேறு. லிம்போமா என்ற வகைக்குக் கீமோ முக்கியம்; சீழ்க்கட்டிக்கு ஆன்டிபயாடிக். க்ளையோமாவில் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வகைப்பாட்டிலிருந்து மரபணு மாற்றத்தையும் பார்த்தே பெயர் வைக்கிறார்கள். அதற்குத் திசு வேண்டும்.

பயாப்ஸியில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்கேனை வைத்து இடத்தைக் கணக்கிட்டு, சிறு துளை வழியாக ஊசி விட்டாலும், ரத்தக்கசிவு ஏற்படலாம். சில நேரம் எடுத்த துணுக்கு போதாமலும் போகும். அதனால் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "பயாப்ஸி முடிவால் வைத்தியம் மாறுமா? காத்திருந்து மறுபடி ஸ்கேன் பார்ப்பதில் ஆபத்து உண்டா?" முதலாவதற்கு 'மாறும்', இரண்டாவதற்கு 'உண்டு' என்று பதில் வந்தால், "கத்தி வைத்தால் பரவிவிடும்" என்று சொல்லும் உறவினரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.