கண்டனமும் வாசகர் கடமையும்

நம் கல்லூரி வாசகசாலையின் நீண்ட மேசைமீது சென்ற ஆண்டு ஒரு வாரப் பத்திரிகை கிடந்தது. ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருந்த ஒரு தலைவரைக் கண்டித்து, எதிர்க்கட்சியைச் சார்ந்த ஒருவர் எழுதிய கட்டுரை அதில் வெளிவந்திருந்தது. தலைவர் இன்னார், பத்திரிகை இன்னது என்று ஈண்டுக் குறியோம். குறித்தால் நம் நேயருட் பலர் பெயரைக் கண்ட மாத்திரத்திலேயே தீர்ப்பும் எழுதிவிடுவர். கட்டுரையின் ஓரத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் ‘சபாஷ்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே வேறொரு கை, ‘எழுதியவர் எந்தக் கட்சி என்று தெரியாதா?’ என்று கேட்டிருந்தது. மூன்றாமவர், ‘இவர் கட்சி ஆண்டபோது மட்டும் என்ன வாழ்ந்தது?’ என்று வினவியிருந்தார். மறுநாட் காலையில் அப்பக்கமே காணப்படவில்லை. நான்காமவர் ஒருவர் கத்திகொண்டு அதனை அறுத்தெடுத்துப் போய்விட்டார்.

நால்வரும் கல்வி கற்பவர்கள். நால்வரும் அக்கட்டுரையைப் படித்தவர்கள். ஆயினும் ‘இதிற் சொல்லியது மெய்தானா?’ என்று ஒருவரேனும் எழுதினாரில்லை. இக்குறையைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவு படுத்துவோம். பதவியில் இருப்பவரைக் கட்சிக்காரர் கண்டிப்பது தகாத செயலன்று. நண்பன் காணத் தவறுவதை எதிரியின் கண் காணும். நியாயஸ்தலத்தில் வக்கீல் ஒரு பக்கமே பேசுகின்றார். அதற்காகவே கட்டணமும் பெறுகின்றார். அதுபற்றி அவருடைய வாதத்தை நீதிபதி தள்ளிவிடுவதில்லை. அதனை அப்படியே ஏற்றுக்கொள்வதும் இல்லை. சாட்சியத்தைக் கேட்கின்றார். கட்சிக் கண்டனத்தைப் படிக்கும் வாசகரும் அந்நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவரே. வாதிப்பவர் ஒருபாற் சாய்ந்தவர் என்பது நாம் விழித்திருப்பதற்குக் காரணமாகலாம். செவியை மூடிக்கொள்வதற்குக் காரணமாகாது.

இதனை விளக்க வெகுதூரம் போக வேண்டுவதில்லை. நம் சேலம் சீமையோடு தொடர்புடைய இரு நிகழ்ச்சிகளே போதும்.

காங்கிரஸ் மகாசபையின் அக்கிராசனரை 1930-களில் ‘ராஷ்டிரபதி’ என்று வழங்குவர். 1939-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்த தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்று, 1,377 வாக்குகள் பெற்ற பட்டாபி சீதாராமய்யாவை வென்று, இரண்டாம் முறையாக அப்பதவியை அடைந்தார். பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வியே என்று காந்தியடிகள் அறிக்கை விடுத்தார். பிப்ரவரியில் காரியக் கமிட்டி அங்கத்தினருட் பெரும்பாலோர் விலகிக்கொண்டனர். மார்ச்சு மாதம் ஜபல்பூரை அடுத்த திரிபுரியில் மகாசபை கூடிற்று. போஸ் கடுஞ்சுரத்துடன் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்நோய் மெய்யான நோய்தானா என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். தம் நோயைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி, ஏப்ரல் மாத ‘மாடர்ன் ரிவியூ’வில் வெளியிடவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது.

அம்மகாசபையில் கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். புதிய காரியக் கமிட்டியை அக்கிராசனர் காந்தியடிகளின் விருப்பத்திற்கு இணங்கவே அமைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அதனை ஆதரித்துப் பேசியவருள் முதன்மையானவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். அவர் நம்மவர், சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917-இல் இந்நகரசபையின் தலைவராகி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர், சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியான பின், 1937 அக்டோபர் முதல் நாள், மதுவிலக்கைச் சேலம் ஜில்லாவிலேயே முதன்முதல் தொடங்கியவர். திரிபுரியில் அவர் கூறிய உவமை இது: ஆற்றிலே இரண்டு படகுகள் உள்ளன, ஒன்று பழையது, ஆயினும் பெரியது, அதனைச் செலுத்துபவர் காந்தியடிகள், மற்றொன்று புதியது, வர்ணம் பூசிக் கொடி கட்டியது, ஆனால் ஓட்டைப் படகு, அதில் ஏறினால் மூழ்குவீர்கள், நருமதையோ ஆழமானது.

பதவியில் இருந்த தலைவரைப் பற்றிய கண்டனமே இது. கேட்டவர்கள் என் செய்தனர்? ஆச்சாரியாரிடம் பற்றுடையோர் உவமையின் நயத்தில் மகிழ்ந்தனர். போஸிடம் பற்றுடையோர் நோயாளியை இழிவு செய்தார் என்று சினந்தனர். ஒரு சாரார் ‘சபாஷ்’ என்றனர். மற்றொரு சாரார் ‘எந்தக் கட்சி?’ என்றனர். நம் வாசகசாலைப் பென்சில் எழுத்துக்கள் புதியனவல்ல என்பது நேயர்க்கு விளங்கும்.

பூலாம்பட்டி முதலிய காவிரித் துறைகளில் பரிசலைக் கரையிலே கவிழ்த்து வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு பரிசல் ஓட்டை என்று ஒருவன் சொன்னால், அறிவுள்ள வழிப்போக்கன் சொன்னவனுடைய குலத்தையும் விசாரிப்பதில்லை, பரிசற்காரனுடைய பெருமையையும் விசாரிப்பதில்லை. குனிந்து பரிசலின் அடியைப் பார்க்கின்றான். ஓட்டை என்பது கண்ணாற் கண்டு தெளியக்கூடிய பொருள். ஆதலின் திரிபுரியிற் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்றே: ஓட்டை எங்கே?

அவ்வினாவிற்கு விடை கூறுவதற்குரிய பொருள் இல்லாமற் போகவில்லை. பிரிட்டிஷாருக்கு ஆறு மாதத் தவணை கொடுத்து, அதன்பின் போராட்டம் தொடங்கவேண்டும் என்பது போஸின் கொள்கை. அத்தகைய போருக்கு நாடும் மகாசபையும் இன்னும் ஆயத்தமாகவில்லை என்பது காந்தியடிகளைச் சார்ந்தோர் கருத்து. இஃது எண்ணி ஆராயத்தக்க வேற்றுமை. பிரதிநிதிகளின் வாக்கினாலே தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அக்கிராசனரின் கையை மற்றொருவர் விருப்பத்தினால் கட்டலாமா என்பது அதனினும் பெரிய வினா. படகு என்ற உவமை இவ்விரண்டையும் மறைத்துவிட்டது. ஆச்சாரியாரைப் போன்ற கூர்த்த மதியினர் வாதத்தை விரித்துரைக்க வல்லவரே; ஆனால் உவமையொன்றே போதும் என்று சபை இசைந்துவிட்டால், விரித்துரைக்க வேண்டிய அவசியம் யாருக்கு உண்டு?

மறுபக்கமும் இக்குறைக்கு விலக்கன்று. பிரிட்டிஷாரின் சமஷ்டித் திட்டத்தைப் பற்றி மிதவாதிகள் சமரசம் செய்துகொள்ளக்கூடும் என்ற ஐயத்தைத் தேர்தற் காலத்தில் எழுப்பியவர் போஸ். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சான்று கேட்டனர். அவர்களுக்கு அமைதி தரத்தக்க சான்று கிடைக்கவில்லை. பழி சுமத்தப்பட்டமைக்கு வருந்தும் வாசகம் பந்த் தீர்மானத்திலேயே இடம்பெற்றது. இரு திறத்தாரும் காட்டாமலே கண்டித்தனர். இரு திறத்து அன்பரும் காணாமலே நம்பினர். ஏப்ரல் 29-ஆம் நாள் கல்கத்தாவில் போஸ் பதவியைத் துறந்தார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர் வாக்களித்து முடித்த காரியம் மூன்றே திங்களில் அழிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கையில் அவருக்கு ஐரோப்பாவில் போர் மூண்ட செய்தி எட்டிற்று. நாடு ஒருமித்து நிற்க வேண்டிய அவ்வேளையில் தலைவர்கள் இரு கரைகளில் நின்றனர்.

இனி, ‘இவர் கட்சி ஆண்டபோது மட்டும் என்ன வாழ்ந்தது?’ என்ற வினாவை ஆராய்வோம். ஓட்டைப் படகு என்று ஆச்சாரியார் உரைத்த அதே காலத்தில் அவருடைய ஆட்சியில் கட்டாய இந்தியை எதிர்த்தோர் சிறைகளில் இருந்தனர். நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து மார்ச்சிலும், தண்டனைக் காலத்திலேயே உயிர் நீத்தனர். இது பெரும் குறை. அதனை எடுத்துரைப்பது நியாயமே. ஆயினும் ஆச்சாரியாரின் படகில் ஓட்டை இருந்தது என்பதனால் போஸின் படகு பழுதற்றது என்று முடிவாகுமா? அயலான் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் காட்டி நம் வீட்டுக்குள் மழை பெய்யவில்லை என்று கூறமுடியாது. ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தியே நோக்கவேண்டும்.

வேறொரு வழுவும் உண்டு. இந்திய தேசிய சேனையின் வரலாற்றை அறிந்த நாம், போஸ் வீரர் ஆதலின் திரிபுரிப் பேச்சு பாவம் என்று கூறுகின்றோம். அன்றேல், ஆச்சாரியார் தீர்க்கதரிசி என்கின்றோம். இரண்டும் பின்வந்த புகழைக் கொண்டு முன்நிகழ்ந்ததை அளப்பதாகும். அன்று சபையில் இருந்தவனுக்கு அவ்வளவுகோல் இல்லை. இன்று நமக்கும் இல்லை. நாம் இப்பொழுது படிக்கும் கண்டனத்தின் முடிவை வருங்காலமே அறியும். ஆதலின் கையிலுள்ள சான்றைக்கொண்டே தீர்ப்புக் கூறவேண்டும்; புதிய சான்று வந்தால் அத்தீர்ப்பைத் திருத்திக்கொள்ளவும் நாணுதல் கூடாது.

இரண்டாவது நிகழ்ச்சி 1920-ஆம் ஆண்டு டிசம்பரில் நாகபுரியில் நடந்தது. அம்மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். 1882-ஆம் ஆண்டுச் சேலம் கலகத்தில் அவர்மீது குற்றம் சாட்டிக் கீழ்க்கோர்ட்டில் தண்டனையும் விதித்தனர். சென்னை உயர்நீதி மன்றத்தில் வாதாடி விடுதலை பெற்றார். ஆராயாத குற்றச்சாட்டு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைத் தம் உடம்பாலேயே அறிந்தவர். நாகபுரியில் எல்லோரும் ஒத்துழையாமையை நாடி நின்றபோது, அதன் திட்டத்தைப் பற்றித் தமக்கிருந்த மாறுபாட்டைத் தலைமையுரையிலேயே எடுத்துரைத்தார். மகாசபை ஒத்துழையாமைத் தீர்மானத்தையே நிறைவேற்றியது. தலைவர் தம் கருத்தை மறைக்கவும் இல்லை; சபை தன் முடிவை விடவும் இல்லை. மாறுபாடு என்பது பகையன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆனால் அதே பந்தலில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஜின்னா அத்தீர்மானத்தை எதிர்த்துப் பேச எழுந்து, காந்தியடிகளை ‘மகாத்மா’ என்னாமல் ‘மிஸ்டர்’ என்று குறிப்பிட்டார். கூட்டம் ஆரவாரித்து அவரைத் தடுத்தது. அவர் என்ன வாதம் கூறினார் என்பதை விட, என்ன அடைமொழி கூறினார் என்பதே சபைக்குப் பெரிதாயிற்று. அதன்பின் அவர் காங்கிரஸை விட்டு நீங்கினார். ஒரு சொல்லைப் பொறாத கூட்டம் ஒரு வாதத்தைக் கேட்கும் வாய்ப்பை இழந்தது.

கத்திகொண்டு பக்கத்தை அறுத்த அன்பருக்கும் ஒரு வார்த்தை. அம்முறையை அரசாங்கங்களே கையாண்டு பார்த்திருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜான் ஆடம்ஸ் குடியரசுத் தலைவராய் இருந்தபோது, 1798-இல், ஆட்சியைப் பழித்து எழுதுவோரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றினர். அதன்படி மாத்தியூ லயன் என்னும் சட்டசபை அங்கத்தினர் நான்கு மாதம் சிறையில் இடப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே அவருடைய தொகுதியினர் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தோல்வியுற்றார். மறு ஆண்டு அச்சட்டமும் காலாவதியாயிற்று. கண்டனம் பொய்யாயின், பொய் என்று காட்டுவதற்குரிய பக்கத்தையே நம் நண்பர் அறுத்தெடுத்துவிட்டார். மெய்யாயின், மறைத்ததனால் அது பொய்யாகவில்லை. இரு வழியிலும் அவருடைய தலைவருக்கு நன்மை விளையவில்லை.

‘எல்லாவற்றையும் ஆராய்ந்துகொண்டே இருந்தால் எக்காலத்தில் ஒரு பக்கம் சேர்வது?’ என்று சிலர் கேட்கலாம். பக்கம் சேரவேண்டாம் என்று நாம் கூறவில்லை. பக்கம் சேராதவனால் நாட்டிற் காரியம் நடவாது. ஆராய்ந்தபின் சேருங்கள் என்கின்றோம். ‘மாணவர்க்கு இவ்விவகாரம் எதற்கு?’ என்று பெரியோர் சிலர் வினவலாம். இன்று ஓரத்தில் ‘சபாஷ்’ என்று எழுதுபவரே நாளை வாக்குச் சாவடியில் நிற்பவர். அவருட் சிலர் நாளை ஆசிரியர்கள், வக்கீல்கள், அதிகாரிகள். கைப்பேசியில் நாளொன்றுக்கு நூறு கண்டனங்கள் வந்து குவியும் இக்காலத்தில், இப்பயிற்சியைக் கல்லூரியிற் பெறாதவர் வேறெங்கே பெறுவர்?

கண்டனம் எழுதுவோரைத் திருத்துதல் நம்மால் ஆவதன்று. ஆயின் வாசகர் எத்தகையோரோ, அத்தகைய கண்டனமே நாட்டில் விளையும். உவமைக்குக் கை தட்டுவோர் முன்னிலையில் உவமை மலியும். சான்று கேட்போர் முன்னிலையில் சான்று வரும். பதவியில் இருப்போருக்கும் அதுவே நன்மை. பொய்ப்பழி விரைவில் உதிர்ந்துபோம், மெய்ப்பழி விரைவில் திருத்தப்படும்.

அறுபட்ட பத்திரிகையின் வேறொரு பிரதியை வருவித்து நம் வாசகசாலை மேசைமீது மீண்டும் வைத்திருக்கின்றார்கள். அன்பர்கள் அதனைப் படிப்பார்களாக. ஓரத்தில் எழுதும் ஆசை எழுமாயின், புத்தகத்தைக் கெடாமல், தத்தம் குறிப்பேட்டிலே எழுதுவார்களாக. எழுதும் சொல் ‘சபாஷ்’ என்பதாகவும் வேண்டாம், ‘எந்தக் கட்சி?’ என்பதாகவும் வேண்டாம். காவிரிக் கரையில் நிற்கும் வழிப்போக்கன் கேட்கும் அந்த இரு சொற்களே போதும்: ஓட்டை எங்கே?