சொட்டு மருந்துக்குச் சீட்டு வேண்டாமா?

திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் பெல் நிறுவனத்துக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் நிறைய. அங்கே கிரைண்டிங் வேலை பார்க்கிறவர் கண்ணில் இரும்புத் தூள் விழுவது அதிசயம் இல்லை. பக்கத்தில் நிற்பவர் துணி நுனியால் எடுத்துவிடுவார். சாயங்காலம் கண் சிவந்தால் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து. மீதி அலமாரிக்குப் போகும். அடுத்து வீட்டில் யாருக்குக் கண் வலித்தாலும் அதே பாட்டில்தான்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கருவிழியில் கீறல் விழுந்தால் அதுதான் கிருமிக்கு வாசல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ல் மூன்று மாதத்தில் வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளில் 65 சதவீதம் பேருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. பரிசோதனையில் கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது பாக்டீரியா, பாதிப் பேருக்குப் பூஞ்சை. பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் சொட்டு விட்டு என்ன பிரயோஜனம்? ஸ்டீராய்டு கலந்த சொட்டு என்றால் இன்னும் மோசம். சிவப்பு மறையும், புண் உள்ளே பரவும்.

பாக்டீரியாவாகவே இருந்தாலும் ஒரே இனத்தில் எல்லாம் ஒன்று போல இருப்பதில்லை. சிலவற்றின் மரபணு மருந்தை வெளியே தள்ளிவிடும், சிலவற்றினுடையது மருந்தையே உடைத்துவிடும். தேவையில்லாமல் மருந்து விடும்போது சாதுவானவை சாகின்றன, முரடானவை பெருகுகின்றன. போதாததற்கு அந்த மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன. அரவிந்தில் 2006 முதல் 2010 வரை நடந்த ஆய்வில் 500 பேருக்கு மாக்ஸிஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். எந்தக் கிருமிக்கு அதிக மருந்து தேவைப்பட்டதோ, அந்தப் புண் ஆறவும் தாமதமானது.

2022-23ல் அமெரிக்காவில் எந்த மருந்துக்கும் எளிதில் பணியாத சூடோமோனாஸ் 81 பேரைத் தாக்கியது. நாலு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. சந்தேகம் விழுந்தது சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்த செயற்கைக் கண்ணீர் சொட்டின் மேல். இங்கே சோதித்த மாதிரிகளில் குறை இல்லை என்றார்கள் அதிகாரிகள். ஆலையைப் பார்த்த அமெரிக்க அதிகாரிகளோ சுத்தத்தில் குறை எழுதினார்கள். சண்டை அத்தோடு இருக்கட்டும். பல மாநிலங்களில் சிதறிக் கிடந்த நோயாளிகளை ஒரே கிருமிதான் தாக்கியது என்று காட்டிக் கொடுத்தது மரபணு வரிசை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் ஹெச் 1 பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பேரேட்டில் எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும். மாக்ஸிஃப்ளாக்சசின் அதில் உண்டு, கண் சொட்டும் உண்டு. ஜி.எஸ்.டி. கணக்கை ரூபாய் பிசகாமல் எழுதுகிற கடைக்கு இந்தப் பேரேடு ஒன்றும் பாரமில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். சீட்டில்லாமல் விற்றதன் நட்டம் கடைக்காரர் தலையிலோ வாங்கினவர் தலையிலோ மட்டும் விழுவதில்லை. அதே மருந்தை நம்பி அடுத்து வருகிற நோயாளிதான் கட்ட வேண்டும். பாட்டில் விலையில் அது சேரவே இல்லை.

தொழிலாளியைத் திட்டுவதில் நியாயமில்லை. திருச்சிக்குப் போய்வர அரை நாள் சம்பளம் போகும். பட்டறை முதலாளிகள் சேர்ந்து வாரம் ஒரு நாள் கண் டாக்டரை அங்கேயே வரவழைக்கலாம். புண்ணைச் சுரண்டி எடுத்து ஸ்லைடில் பார்த்தால் பூஞ்சையா பாக்டீரியாவா என்று பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.