இஞ்ச் டேப்பில் ஒரு மரண தண்டனை

'எக்ஸ்எல் புல்லி' என்றாலே கொலைகார நாய் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. அது எக்ஸ்எல் புல்லிதான் என்று எப்படி முடிவு பண்ணுகிறார்கள் தெரியுமா? டேப் வைத்து அளந்து! பிரிட்டன் அரசின் கணக்கில் ஆண் நாய் 20 அங்குல உயரம், பெண் நாய் 19. கூடவே பெரிய தலை, அகன்ற மார்பு. யாரையாவது கடித்ததா என்ற கேள்வியே அதில் கிடையாது.

2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவற்றை விற்கவும் கூடாது, தத்து கொடுக்கவும் கூடாது. அப்போது காப்பகத்தில் இருந்த நாய்களின் கதி? ஆயுசு முழுக்கக் கூண்டு, இல்லாவிட்டால் ஊசி. தத்தெடுக்க ஆள் வந்து வாசலில் நின்றாலும் இதேதான்!

மனிதர்கள் செத்திருக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 2007-ல் அமெரிக்க ஃபுட்பால் வீரர் மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டைக் கும்பல் பிடிபட்டபோது சுமார் 50 பிட்புல்கள் மீட்கப்பட்டன. பெரிய விலங்கு நல அமைப்புகளே கொன்றுவிடச் சொல்லின. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். மூர்க்கம் என்று கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று! பல நாய்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

சண்டைக்கென்றே வளர்த்த நாய்க்குக் கிடைத்த அந்தச் சோதனை, காப்பகத்து நாய்க்கு மட்டும் ஏன் கிடையாது? கடிக்கப் பழக்கியவனை உள்ளே தள்ளுங்கள். உயரத்தைப் பார்த்து ஊசி போடாதீர்கள்.