மலையிறங்கும் தைலம்

ஊட்டியில், பெர்ன்ஹில் மாளிகை இன்று நிற்கும் இடத்தில் 1844-ல் முதல் பங்களாவைக் கட்டியவர் கேப்டன் எஃப். காட்டன். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரேலியக் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நீலகிரியில் ஊன்றப்பட்டது. நட்டவர் பெயரும் சென்னை ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த கேப்டன் காட்டன் என்றே பதிவாகியிருக்கிறது. குளிருக்கு விறகு தேவைப்பட்டது. சோலைகள் அழிந்தன, கற்பூர மரம் பெருகியது. அந்தக் கேட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அதே மரத்தின் இலையை நம்பி ஒரு குடிசைத் தொழிலும் இங்கே பிறந்தது.

இலையையும் சருகையும் கூட்டி அள்ளிப் பெரிய கலத்தில் திணித்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கி வெளிவரும்போது தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டிக் கிடைத்தாலே பெரிது. ஊட்டி சேரிங் கிராஸ் கடைகளில் சுற்றுலா வந்தவர்கள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. கூரியர் கவுன்டரிலோ, “லிக்விடா? எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். அஞ்சலகத்திலும் தீப்பற்றும் பொருளுக்கு இடமில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. கற்பூரத் தைலம் ஐம்பது டிகிரியை நெருங்கும்போதே அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அறுபது டிகிரிக்குள் பற்றும் திரவங்களை ஐ.நா. வகைப்பாடு 3-ஆம் வகுப்பில் வைக்கிறது. பெட்ரோலும் அதே வகுப்புதான், தீவிரம் மட்டும் கூடுதல்.

இந்த விதிகளை அதிகாரிகளின் கெடுபிடி என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1973 நவம்பர் 3-ஆம் தேதி பான் ஆம் சரக்கு விமானம் ஒன்று பாஸ்டனில் விழுந்து விமானக் குழுவினர் மூவர் இறந்தார்கள். நைட்ரிக் அமிலக் கண்ணாடிப் புட்டிகளை மரத்தூளில் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். அமிலம் கசிந்து தூளில் பட்டுப் புகை கிளம்பியிருக்க வேண்டும் என்பதே விசாரணையில் எழுந்த வலுவான சந்தேகம். ஒரு கைப்பிடி மரத்தூளின் விலை அது. தைலத்துக்கும் அதற்கே உரிய குணம் உண்டு: தெர்மகோலைக் கரைத்துவிடும். ஊட்டிக் குளிரில் கழுத்துவரை நிரப்பிய புட்டி, மேட்டுப்பாளையம் வெயிலில் தைலம் விரிந்து மூடி வழியே கசியும். கொஞ்சம் காலியிடம் விட வேண்டும் என்று காய்ச்சுகிறவருக்கு யார் சொல்வது?

அதே விதிப்புத்தகத்தில் சின்னவர்களுக்கு ஒரு வாசலும் இருக்கிறது. இந்த வகைத் தைலத்தை, புட்டிக்கு 30 மில்லி, பெட்டிக்கு ஒரு லிட்டர் என்ற அளவுக்குள், உறிஞ்சும் பொருளும் உறுதியான பெட்டியும் உரிய குறியீடும் வைத்துக் கட்டினால், கூரியர் நிறுவனம் சம்மதிக்கும் பட்சத்தில் விமானத்தில்கூட அனுப்பலாம். தரைவழி என்றால் அளவு இன்னும் தாராளம். அஞ்சலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. இதையெல்லாம் நம்மூர்க் கவுன்டரில் எடுத்துச் சொல்வோர் அரிது. விற்பவருக்கோ, கோவை வரை லாரியில் போகும் தன் பார்சல் அங்கிருந்து விமானம் ஏறுமா என்பதே தெரியாது.

இந்த மலைக்கு ஆபத்தான சரக்கு புதிதல்ல. அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கும் மேலாக வெடிமருந்து செய்கிறது. அங்கே விதியைப் படித்து நடத்த அதிகாரிகள் உண்டு. தைலக்காரருக்கு ஒருவரும் இல்லை. அதனால் கையில் ஆர்டரோடு நிற்பவருக்குப் பெட்டியின் மேல் ‘மூலிகைப் பொருள்’ என்று எழுதிவிடும் ஆசை வருகிறது. நேர்மையாகச் சொன்ன பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பொய் எழுதிய பெட்டியை ஏற்றிக்கொள்ளும் முறை யாருக்கும் பாதுகாப்பில்லை.

மாவட்டத் தொழில் மையம் இந்த விதிகளை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, தைலம் காய்ச்சும் கொட்டகைதோறும் கொடுக்கட்டும். கூரியர் நிறுவனங்கள் தரைவழி மட்டும் போகும் பார்சலுக்கு ஊட்டியில் ஒரு கவுன்டராவது திறக்கட்டும். வாங்குகிறவர்களும் நாளைக்கே வர வேண்டும் என்று அடம்பிடிக்காமல் ஒரு வாரம் பொறுக்கலாம்.