பேரல்ல என்ன இருக்குன்னு யார் பார்த்தது?

கோல்ட்ரிஃப் இருமல் சிரப் பத்தி எல்லாரும் பேசி முடிச்சுட்டாங்க. கைது, சீல், லைசென்ஸ் ரத்து, டிவி விவாதம் எல்லாம் ஆச்சு. எனக்கு உறுத்துற ஒரு விஷயம் மட்டும் அப்படியே நிக்குது. அதுக்குத்தான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2025 அக்டோபர் 1. மத்தியப் பிரதேசத்துல இருந்து நம்ம மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வருது. சிந்த்வாரா பக்கம் சின்னக் குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து சாகுறாங்க, காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இந்த சிரப் மேல சந்தேகம்னு. அன்னைக்கு ஆயுத பூஜை லீவு. அப்பவும் நம்ம ஆளுங்க கம்பெனிக்குப் போய் சாம்பிள் எடுத்து லேப்ல குடுத்தாங்க. மறுநாளே ரிசல்ட். எஸ்.ஆர்-13 பேட்ச்ல டை எத்திலீன் கிளைகால் 48.6%. அனுமதிச்ச அளவு 0.1%.

அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேணும். ஆனா, ஒரே நாள்ல கண்டுபிடிக்க முடிஞ்சதை பாட்டில்ல ஊத்துறதுக்கு முன்னாடி ஏன் யாரும் கண்டுபிடிக்கல? குழந்தைங்க போனதுக்கு அப்புறம்தான் அந்த டெஸ்ட் நடக்கணுமா?

முதல்ல அந்தப் பொருள் என்னன்னு சொல்லிடுறேன். சிரப்ல மருந்து கரையுறதுக்கு கிளிசரினோ புரோப்பிலீன் கிளைகாலோ சேர்ப்பாங்க. மருந்துத் தரத்துல வாங்கினா அதால ஒண்ணும் ஆகாது. டை எத்திலீன் கிளைகால் ஃபேக்டரிச் சரக்கு, பிரேக் ஆயில்ல எல்லாம் போகும். பார்க்க அதே மாதிரி நிறமில்லாம, கொழகொழன்னு, இனிப்பா இருக்கும். விலையும் கம்மி. உடம்புக்குள்ள போனதும் அது டைகிளைகாலிக் அமிலமா மாறி சிறுநீரகக் குழாய்களை அரிச்சுடும். ரெண்டு நாள் வாந்தி, அப்புறம் யூரின் நின்னுடும். கிரியேட்டினின் ஏறும், டயாலிசிஸ் பண்ணுவோம். எதனாலன்னு பிடிபடறதுக்குள்ள பல குழந்தைங்களுக்கு நேரம் கடந்துடும்.

இது புதுசுன்னு நினைக்காதீங்க. 1937-ல அமெரிக்காவுல இதே பொருளால நூறு பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க 1938 மருந்துச் சட்டமே வந்துச்சு. 1986-ல மும்பையில 14 பேர், 1998-ல குர்கான்ல 33 குழந்தைங்க. 2022-ல காம்பியா, உஸ்பெகிஸ்தான், ரெண்டுமே இந்தியாவுல தயாரான சிரப். அதே வருஷம் இந்தோனேசியாவுல 200 குழந்தைங்களுக்கு மேல.

இதுல பனாமா கதையை மட்டும் விவரமா சொல்லணும். 2006. சீனாவுல ஒரு கம்பெனி, மருந்துக்கான சரக்கு விக்க லைசென்ஸே இல்லாதது, 46 பேரலை கிளிசரின்னு வித்துச்சு. பெய்ஜிங் ஏற்றுமதியாளர், பார்சிலோனா புரோக்கர், பனாமா வியாபாரின்னு கை மாறிச்சு. ஒவ்வொரு கையிலயும் தரச் சான்றிதழை புதுசா டைப் அடிச்சாங்க, முதல்ல தயாரிச்சவன் பேரே காணாமப் போச்சு. கடைசியில அரசாங்கமே அதை வச்சு 2,60,000 பாட்டில் இருமல் மருந்து தயாரிச்சுது. வழியில ஒருத்தர்கூட பேரலைத் திறந்து டெஸ்ட் பண்ணல. எல்லார் கையிலயும் பேப்பர் இருந்துச்சு!

நம்ம ஊர்லயும் நடந்தது அதேதான். மருந்துத் தரம் இல்லாத புரோப்பிலீன் கிளைகால் வாங்கினதா ஆய்வறிக்கை சொல்லுது. சட்டம் இல்லையான்னு கேக்குறீங்களா? இருக்கு. ஒவ்வொரு பேட்ச் மூலப்பொருளையும், ஒவ்வொரு பேட்ச் மருந்தையும் தயாரிப்பாளர் டெஸ்ட் பண்ணி ரெக்கார்டு வைக்கணும்னு மருந்து விதிகள்லயே தெளிவா இருக்கு. யாரும் வந்து பார்க்காத வரைக்கும் அது வெறும் எழுத்து.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோபம் வரும். காம்பியாவுக்கு அப்புறம், 2023 ஜூன் 1-ல இருந்து, இந்தியாவுல இருந்து ஏற்றுமதி ஆகுற இருமல் சிரப் எல்லாம் அரசு அங்கீகரிச்ச லேப்ல பாஸ் ஆகி சர்டிபிகேட் வாங்கினாத்தான் கப்பல் ஏறும். அதே சிரப் பரமக்குடிக்கோ பராசியாவுக்கோ போறதா இருந்தா? கம்பெனி தானே டெஸ்ட் பண்ணிக்கும்னு நம்பி விட்டாங்க. வெளிநாட்டுல பேர் கெடக் கூடாதுன்னு போட்ட வேலியை வீட்டுக்குள்ள போட ஏன் தோணல?

“சின்னக் கம்பெனிங்களுக்கு இதெல்லாம் கட்டுப்படி ஆகாது, கேஸ் குரோமடோகிராஃபி மெஷின் என்ன விலை தெரியுமா”ன்னு ஒரு வாதம் வரும். மெஷின் விலை அதிகம்தான். ஆனா மெஷின் வாங்கணும்னு அவசியம் இல்ல, அங்கீகாரம் உள்ள தனியார் லேப்ல காசு கட்டி பார்க்கலாம். முதல்கட்ட சோதனைக்கு டி.எல்.சி-ன்னு மலிவான முறையே இருக்கு. அதுவும் முடியாதுன்னா குழந்தைங்க மருந்து தயாரிக்காதீங்க, வேற தொழில் பாருங்க. இதுல எனக்கு இரக்கமே கிடையாது. திருத்தின ஷெட்யூல் எம் விதிகளுக்கே சின்னக் கம்பெனிங்களுக்காக 2025 டிசம்பர் வரைக்கும் அவகாசத்தை நீட்டிக் குடுத்தாங்க.

க்யூ.ஆர் கோடு வந்துருச்சேன்னு சிலர் சொல்றாங்க. 300 பிராண்டுக்கு வந்துச்சு, நல்லதுதான். அதை ஸ்கேன் பண்ணா மருந்துப் பேர், பேட்ச், கம்பெனி விலாசம் தெரியும். உள்ள ஊத்தின கரைப்பான் எந்த பேரல்ல இருந்து வந்துச்சு, அதை யார் வித்தான்னு தெரியாது. சங்கிலியில ஓட்டை விழுற இடமே அதுதான்.

முடியாததையா கேக்குறோம்? நம்ம ஊர்லயே ஒரு வழி இருக்கு. ஓபியில தினமும் யாராவது கேப்பாங்க, “சார், இந்த கவர்மெண்ட் மருந்து வேணாம், வெளிய எழுதிக் குடுங்க”ன்னு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல ஆரம்பிச்சது. அங்க வர்ற மருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வராது. முதல்ல கிடங்குல நிறுத்தி வைப்பாங்க. பேட்ச் பேட்சா சாம்பிள் எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு, கோடு நம்பர் போட்டு லேபுக்கு அனுப்புவாங்க. பாஸ் ஆனாத்தான் வெளிய வரும். தட்டுப்பாடு, தாமதம்னு எனக்கே ஆயிரம் புகார் இருக்கு. ஆனா தயாரிச்சவன் குடுத்த பேப்பரை மட்டும் நம்பி இங்க மருந்து குடுக்கிறதில்ல. மெடிக்கல் ஷாப் அலமாரியில இருக்கிற பாட்டிலுக்கு அப்படி மூணாவது ஆள் யாரும் இல்ல. குறைஞ்சபட்சம் குழந்தைங்க சிரப்புக்காவது அந்த மூணாவது ஆள் வேணும்னுதான் கேக்குறேன்.

எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதிக் குடுத்த டாக்டரைக் கைது பண்ணது தப்புன்னு நானும் சொல்றேன். பாட்டிலைப் பார்த்து உள்ள விஷம் இருக்கான்னு எந்த டாக்டருக்கும் தெரியாது. ஆனா சாதாரண சளிக்கு நாலு வயசுக்குள்ள பிள்ளைக்கு இந்தக் காம்பினேஷன் சிரப்பை எழுதுறது ஏன்? குடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே எச்சரிக்கை வந்தாச்சு.

அம்மா அப்பாக்களே, சிரப் காலியானதும் பாட்டிலை உடனே தூக்கிப் போடாதீங்க. ரெண்டு வாரம் இருக்கட்டும். குழந்தை ஆறேழு மணி நேரம் யூரின் போகலன்னா ஆஸ்பத்திரிக்கு வரும்போது அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வாங்க. கடை பில் இருந்தா அதுவும். அதுல இருக்கிற பேட்ச் நம்பரை வச்சுத்தான் நாங்க மேல தகவல் சொல்லவே முடியும்.