ஒரே பெயர், இரண்டு குழுக்கள்

இந்திய ராக் இசை ஆங்கிலம் படித்த மேட்டுக்குடி இளைஞர்களின் நகலெடுப்பு. மண்ணில் வேரில்லாததால் அற்பாயுளில் மடிந்தது. பண்பாட்டாய்வு வகுப்புகளில் இத்தீர்ப்பு பலகாலமாக மறுவிசாரணையின்றி நடைமுறையில் இருக்கிறது. இதற்கு ஆதாரம் கேட்பாரும் இல்லை, தருவாரும் இல்லை. ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு வரியாக இதை எழுதிவிட்டுத் திரையிசைக்கோ கர்நாடக இசைக்கோ நகர்ந்துவிடுவது துறையின் வழக்கமாகிவிட்டது. தீர்ப்பின் இரு பகுதிகளும் பிழையானவை. நகல் என்பதும் பிழை. ஆயுள் குறைவு என்பதிலிருந்து மதிப்புக் குறைவை வருவிப்பது அதனினும் பெரிய பிழை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1968இல் வெல்வெட் ஃபாக் என்றொரு குழு தோன்றியது. பின்னாளில் பிளாக் சாபத் குழுவின் கிதார் கலைஞராக உலகப் புகழ் பெற்ற டோனி அயோமி அதில் மிகச் சில நாட்கள் இருந்து விலகினார். 1969 ஜனவரியில் பை நிறுவனம் அக்குழுவின் ஒரே நெடுந்தட்டை வெளியிட்டது. தட்டு விற்கவில்லை, குழுவும் விரைவில் கலைந்தது. அவ்வளவுதான் அதன் வாழ்வு. ஆயினும் அந்த ஒற்றைத் தட்டு மீண்டும் மீண்டும் மறுபதிப்புக் கண்டிருக்கிறது. பிரித்தானிய சைகடெலிக் இசை பற்றிய கலைக்களஞ்சியங்களில் அதற்குத் தனிப் பதிவு உண்டு. யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் அடிக்குறிப்புகளாக வாழ்கின்றன. அங்கே அற்பாயுள் யாருக்கும் உறுத்தலாக இல்லை.

அக்காலத்தையொட்டிப் பம்பாயிலும் ஒரு வெல்வெட் ஃபாக் இருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். பின்னர் மராத்தி, ஆங்கில மேடைகளில் பெயர் பெற்ற நந்து பேண்டே தம் இசைவாழ்வைத் தொடங்கியது அக்குழுவில்தான். பெயர் இரவல் என்பதே அக்குழுவைத் தள்ளிவைக்கப் போதுமானதாகிவிட்டது. பர்மிங்ஹாம் குழு வரலாற்றுக்குள் சென்றது. பம்பாய்க் குழு நகைச்சுவைத் துணுக்காக எஞ்சியது. இரண்டின் ஆயுளும் குறைவுதான். வேறுபாடு ஆவணத்தில் இருக்கிறது.

நகலெடுப்பு என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். பீட்டில்ஸ் குழுவின் முதல் நெடுந்தட்டில் (1963) 14 பாடல்கள். அவற்றில் 6 பிறர் பாடியவற்றின் மறுபாடல்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் முதல் தட்டோ (1964) பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களால் ஆனது. அதை ஆய்வுலகம் தாக்கம் என்றும் பயிற்சிக் காலம் என்றும் எழுதுகிறது. சென்னை இளைஞன் ஒருவன் அதையே செய்தால் மட்டும் அது காலனிய மனநோய்.

அத்தனை தூரம் போகவும் வேண்டியதில்லை. புனித ஜார்ஜ் கோட்டையின் கம்பெனிப் படையினர் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதச் சாகித்தியம் இட்டார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைப் பக்தியோடு பாடுகிறோம். அவற்றுள் ஒன்று பிரித்தானிய அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டேதான். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்ற வயலின் இன்று கச்சேரியின் நீக்கமுடியாத பக்கவாத்தியம். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இயற்றி, மதுரை மணி ஐயர் புகழ்பெறச் செய்த ‘இங்கிலீஷ் நோட்’டுக்குச் சபாக்களில் கைத்தட்டல் எழாத நாளில்லை. இவற்றை எவரும் நகல் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. உள்வாங்கல், ஏற்றமைவு, படைப்பாக்கம் என்று சொற்கள் கைவசம் இருக்கின்றன. அச்சொற்கள் கோட்டைக்கு வெளியே ராயபுரத்திலும் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் கிதார் ஏந்திய ஆங்கிலோ இந்திய இளைஞனுக்கு மட்டும் மறுக்கப்படுவது எந்த முறையியலின்படி?

அற்பாயுளுக்கு வேரின்மை காரணம் என்பவர்கள் பொருளாதார வரலாற்றை ஒருமுறையேனும் புரட்டியிருக்க வேண்டும். 1950களின் இறுதியில் வந்த அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதி உரிமங்கள் இறுகின. வெளிநாட்டு மின்கிதாரும் ஒலிபெருக்கியும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதவையாயின. ஊர் திரும்பும் வெளிநாட்டவரிடம் வாங்கியவை, தச்சரும் வானொலி பழுதுபார்ப்பவரும் சேர்ந்து செய்து கொடுத்தவை ஆகியவற்றைக் கொண்டே பல குழுக்கள் மேடையேறின. இசைத்தட்டு வெளியீடோ ஏறக்குறைய ஏகபோகம். லண்டனில் பீட்டில்ஸ் குழுவுக்கு ஒலிப்பதிவுக்கூடம் திறந்து வைத்த அதே இ.எம்.ஐ. நிறுவனத்தின் இந்தியக் கிளைதான் கல்கத்தாவின் தம்தம் ஆலையில் ஹெச்.எம்.வி. தட்டுகளை அச்சிட்டது. திரைப்பாடல் என்னும் உறுதியான வருவாய் இருக்கையில், கல்லூரி மாணவர் நால்வரின் சொந்தப் பாட்டுக்கு அது எதற்காக நெடுந்தட்டு செலவிடப் போகிறது? ஒரே முதலாளி, இருவேறு கணக்கு.

எனவே புரவலராக வந்தது ஒரு சிகரெட். இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் ‘சிம்லா’ சிகரெட்டின் பெயரில் அகில இந்திய அளவில் பீட் இசைப் போட்டிகளை நடத்தி, 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளிலிருந்து இரண்டு நெடுந்தட்டுகளைக் கொணர்ந்தது. (அந்நிறுவனமே 1970இல் இந்தியா டொபாக்கோ என்று பெயர் மாறிக்கொண்டது தனிக்கதை.) சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ், ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர் ஆகிய குழுக்களின் குரல்கள் நமக்கு இன்று கிடைப்பது அத்தட்டுகளால்தான். ஃபென்டோன்ஸ் இசைத்த துண்டொன்றின் தலைப்பிலேயே சிகரெட்டின் பெயர் நிற்கிறது. விளம்பரச் செலவாக எழுதப்பட்ட பணம் வேறு விளம்பரத்துக்குத் திரும்பியபோது மேடையும் போயிற்று. குழுக்கள் மடிந்தன என்று எழுதுவது எளிது. வரவு செலவுப் பேரேட்டில் ஒரு வரி அடிக்கப்பட்டது என்று எழுதுவதே சரி. இதற்கிடையே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் தொடர்ந்து குடிபெயர்ந்தன. பல குழுக்கள் கலைந்தது அதனாலும்தான்.

ஷில்லாங் இருக்கட்டும்; ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெரம்பூர்ப் பையனை மேட்டுக்குடி என்று வகைப்படுத்தும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். குழுக்களில் வசதிபடைத்த கல்லூரிகளின் பிள்ளைகள் இருந்தது உண்மை. ஆண்களே நிறைந்த உலகம் என்பதும் உண்மை. அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் வர்க்கச் சார்பு ஓர் இசையை ஆய்விலிருந்து நீக்கப் போதுமான காரணமென்றால், சபா வரலாற்றில் ஒரு பக்கம்கூட மிஞ்சாது.

நாம் நினைவில் வைப்பது யாரை? பீட்டில்ஸ் குழுவிலிருந்து புகழுக்குச் சற்று முன்பு நீக்கப்பட்ட பறையிசைஞர் பீட் பெஸ்ட் 1941இல் சென்னையில் பிறந்தவர் என்பது ஆண்டுதோறும் சென்னை நாளையொட்டிச் சுற்றுக்கு வரும் செய்தி. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கும் அவ்வாறே. சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே வாசித்து, சென்னையிலேயே மறைந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய நெமிசிஸ் அவென்யூ என்னும் சென்னை ராக் குழுவும், அவர் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோருடன் வாசித்த ரூட்ஸ் குழுவும்கூட 1992இன் ‘ரோஜா’வுக்கு ஏறிய படிக்கட்டுகளாகவே குறிக்கப்படுகின்றன. படிக்கட்டில் நின்று அங்கே என்ன ஒலித்தது என்று கேட்டவர் அரிது.

தில்லித் தமிழரின் வரலாறும் இதே குறையுடையது. லக்ஷ்மிபாய் நகரை எடுத்துக்கொள்ளலாம். ஐ.என்.ஏ. சந்தைக்கு எதிரே, மத்திய அரசு ஊழியர்களுக்கான இக்குடியிருப்பில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. இங்கும் அண்டையிலுள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எழுதப்படுபவை அலுவலகம், பள்ளி, மலை மந்திர், சபா ஆகிய நான்கையே சுற்றி வருகின்றன. 1969இல் தில்லி வானொலி இளைஞர்களுக்கென ‘யுவவாணி’யைத் தொடங்கி மேலையிசையையும் ஒலிபரப்பியது. கல்கத்தாவிலிருந்து ‘ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்’ வார இதழ் வந்துகொண்டிருந்தது. அவற்றைக் கேட்டும் படித்தும் வளர்ந்த ஒரு தலைமுறை இக்குடியிருப்புகளிலும் இருந்தது. தந்தை பாட்டு வகுப்புக்கு அனுப்பிய பிள்ளை மாலையில் எதைக் கேட்டது என்பது சமூக வரலாற்றுக் கேள்வி இல்லையா?

இங்கே காலக்கெடுவும் இருக்கிறது. அரசுக் குடியிருப்பில் வீடு பணியோடு ஒட்டியது. ஓய்வு பெற்றதும் குறித்த காலத்துக்குள் காலி செய்தாக வேண்டும். சென்னைக்கோ திருச்சிக்கோ லாரி ஏறும் பொருள்களில் வீணைக்கும் பஞ்சாங்கத்துக்கும் இடம் உண்டு. ஸ்பூல் நாடாவும் பழைய வார இதழ்க் கட்டும் கபாடிக்காரரின் தராசுக்குப் போகின்றன. கிலோ கணக்கில் விற்றுத் தீர்ந்த ஓர் ஆவணக் காப்பகத்தின் மீதுதான் வேரில்லை என்னும் தீர்ப்பை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சிம்லா பீட் தட்டுகளை மீட்டு வெளியிட்டவர்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லலாம். அவர்கள் விற்ற ‘மர்மக் கீழை’ மினுமினுப்பைக் கண்டிக்கவும் செய்யலாம். ஆனால் மர்மம் என்று விற்க இடம் வைத்தது யார்? சித்தார்த் பாட்டியாவின் ‘இந்தியா சைகடெலிக்’ (2014) போன்ற நூலை ஓர் இதழாளர்தான் எழுத வேண்டியிருந்தது, இசைத்துறை எழுதவில்லை. வாசித்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். தமிழகத்திலும் தில்லியிலும் தமிழ், இசை, வரலாறு, ஊடகவியல் என்று துறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் ஆய்வுத் தலைப்புகள் பதிவாகின்றன. ஒலிப்பதிவு செய்ய இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் கருவி இருக்கிறது. அடுத்த பருவத்தின் களப்பணிப் பட்டியலில் ஒரு முதியவரின் வாய்மொழியையேனும் சேர்ப்பதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படாது. நேர்காணலின் முதல் கேள்வியும் கடினமானதன்று: அந்த கிதாரை எங்கே வாங்கினீர்கள்?